மேற்கெல்லை ஏரிக்கரை

எங்கள் பக்கத்தில் ஏரியைப் பார்த்தபடி வீடு கட்டும் வழக்கம் கிடையாது. மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம், உத்திரமேரூர் என்று எந்தத் திசையில் போனாலும் பழைய தெருக்கள் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கும். செங்கல்பட்டுச் சீமையில் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலைப் பார்க்கச் சரிகிறது. ஓடிவரும் மழைத்தண்ணீருக்குக் குறுக்கே பிறை வடிவில் கரை போட்டார்கள். கரைக்கு மேற்கே தண்ணீர் நின்றது; கிழக்கே மதகு வழியாகக் கழனிக்குப் பாய்ந்தது. கழனியை ஒட்டிக் கொஞ்சம் மேடான இடமாகப் பார்த்துக் குடியேறினார்கள். அதுதான் நத்தம். மேற்கே, தண்ணீர் ஏறி இறங்கும் உள்வாயில், மாடு மேய்ப்பார்கள், கோரை அறுப்பார்கள், ஏரி வற்றினால் வெள்ளரி போடுவார்கள். குடியிருக்க மாட்டார்கள்.

பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். எனக்கு இதெல்லாம் செக்குபந்தியில், அதாவது நாலெல்லை விவரத்திலேயே, தெரிந்துவிடும். ‘ஏரிக்கரைக்குக் கிழக்கு’ என்று தாய்ப்பத்திரத்தில் இருந்தால், அந்த மனைக்கு மேற்கெல்லை ஏரிக்கரை. நம்பிப் பேனாவைத் திறக்கலாம். கிழக்கெல்லை ஏரி என்று வந்தால் பேனாவை மூடிவிட்டு, முதலில் ஏ பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்து வரச் சொல்வேன். இது எல்லா ஏரிக்கும் பொருந்தாது. குன்று குறுக்கிட்ட இடங்களில் கரை வடக்கே தெற்கே திரும்பியிருக்கும். ஆனாலும் பத்துக்கு எட்டு பொருந்தும்.

இப்போது வருகிறவர்கள் கேட்பது நேர்மாறு. சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு தம்பி என் மேஜை முன்னால் உட்கார்ந்து, “அண்ணே, படுக்கையறை ஜன்னலைத் திறந்தா தண்ணி தெரியணும்” என்றார்.

“தெரியும் சார். ஐப்பசி கார்த்திகையில ஜன்னலைத் திறக்காமலே தெரியும்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு முன்னால் நடந்த பேச்சு அது. அதற்குப் பிறகு வந்தவர்கள் கொஞ்சம் சிரித்தார்கள்.

ஏரிக்கரையில் யாருக்கு வீடு என்ற கேள்விக்கு எங்கள் வட்டாரத்தில் ஆயிரத்து நூறு வருஷத்துப் பதில் கல்லில் இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். நான் அதை வாசிப்பது வேறு கண்ணால். வாரியத்துக்குப் பேர் எழுதிக் குடத்தில் போடவேண்டுமானால் அந்த ஆளுக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்கவேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்கவேண்டும். முக்கியமாக, சொந்த மனையில் சொந்தமாக வீடு கட்டிக் குடியிருக்கவேண்டும். வாடகைக்கு இருப்பவன் தேறமாட்டான். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் தேறமாட்டான், அவனுடைய நெருங்கிய உறவுக்காரர்களும் தேறமாட்டார்கள். அப்படிக் குடத்திலிருந்து வந்தவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம், 360 நாளைக்கு. அவர்கள் பார்த்துக்கொண்டது பல்லவர் காலத்து ஏரியான வைரமேக தடாகத்தை. அதன் பராமரிப்புக்கென்று தனியே நிலம் விட்டு, வரும் விளைச்சலில் மண் எடுத்துக் கரையைப் பலப்படுத்துவது அந்தக் காலத்து ஊர்களின் வழக்கம். ஏரிப்பட்டி என்று அதற்குப் பேர்.

வீட்டுக்கும் ஏரிக்கும் இப்படி முடிச்சுப் போட்டிருந்தார்கள். கரை உடைந்தால் எவன் வீட்டுக் கூடத்தில் தண்ணீர் வருமோ, அவன் கையில் மதகைக் கொடு என்பது நல்ல கணக்குதான். ஆனால் அது சதுர்வேதிமங்கலம். குடத்தில் விழுந்த பேரெல்லாம் பிராமணர் பேர். உள்வாயில் இறங்கிக் கூடை சுமந்தவன் பேர் எந்தக் குடத்திலும் விழவில்லை. குடவோலையைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

பிறகு வந்தது காணியாட்சி. நவாப் காலத்தில் மிராசு என்று பேர் மாறியது. ஊர் முழுவதும் இத்தனை பங்கு என்று பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு பங்கு வாங்கினால் நஞ்சை, புஞ்சை, மனை, மனைக்கொல்லை எல்லாம் அதோடு வரும். பங்கில்லாமல் ஊரில் பயிர் வைத்தவன் பாயக்காரி. ஊருக்குள்ளேயே குடியிருந்தால் உள்குடி, வெளியூரிலிருந்து வந்து உழுதால் பரகுடி. மிராசுதாரருக்கு அவன் துண்டுவாரம் அளக்கவேண்டும். ஆக, வீடு மட்டும் வாங்குவது என்ற பேச்சே கிடையாது. ஒருவன் வாங்கியது ஊரில் ஒரு இடத்தை.

1941-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்று நகலுக்காக என்னிடம் வந்தது. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாள், மடிப்பில் நான்காகக் கிழிந்து, சோற்றுப்பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஏரிக்கரைக்குக் கிழக்கு, பஜனை மடத்துத் தெருவுக்கு வடக்கு, இன்னார் மனைக்கு மேற்கு, இன்னார் கொல்லைக்குத் தெற்கு. இதன் மத்தியில் கிழமேல் ஜாதியடி 60, தென்வடல் ஜாதியடி 24. நாட்டு ஓடு போட்ட கூடம், தாழ்வாரம், நிலை கதவு, புழக்கடைக் கிணறு, தென்னை இரண்டு, முருங்கை ஒன்று. அதற்கப்புறம் நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம் என்று தொடங்கிச் சித்தம், சாத்தியம் வரைக்கும் அந்தக் காலத்து மந்திரம். அதையெல்லாம் நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறோம். இந்தப் பத்திரத்தில் நான் விரலை வைத்து நிறுத்திய வரி அதற்கும் கீழே இருந்தது: கிராம சமுதாயத்தில் பதினாறில் ஒரு பங்கு. ஏரி மீன், கரைப் பனை, பொதுப் புளியமரம் எல்லாவற்றிலும் வீட்டோடு சேர்த்து ஒரு வீசம் விற்றிருக்கிறார்கள். பாட்டனார் வாங்கியதில் இந்த வரி இருந்தது. பேரன் விற்றதை நான்தான் எழுதினேன், அதில் இல்லை. விற்பதற்கு அப்படி ஒரு சொத்து சட்டத்தில் மிச்சம் இல்லை.

செங்கல்பட்டு ஜாகீர் 1763-ல் நவாபிடமிருந்து கும்பினிக்கு வந்தது. அங்கே 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் இந்த மிராசுதாரர்களோடு மல்லுக்கட்டியவர். குத்தகைக்கு ஒத்துவராதவர்களைக் காணியிலிருந்தே விலக்கிப் பார்த்தவர். வரி வேண்டுமானால் விளைச்சல் வேண்டும், விளைச்சல் வேண்டுமானால் கரை நிற்கவேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. ஏரி மராமத்துக்குத் தாராளமாகச் செலவு செய்தார். மதுராந்தகத்தில் அவரைப் பற்றிய ஊர்க்கதை எல்லோருக்கும் தெரியும். அடைமழை ராத்திரி, கரை உடையப் போகிறது, துரை போய்ப் பார்க்கிறார், வில்லும் கையுமாக இரண்டு இளைஞர்கள் கரையில் காவல் நிற்கிறார்கள், ஏரி காத்த ராமர். கதை கதைதான். அந்த ராமர் கோயில் தாயார் சன்னிதிக் கல்லில், சன்னிதித் தர்மம் ஜாகீர் கலெக்டர் பிளேஸ் துரையினுடையது என்று வெட்டியிருப்பது நிஜம். இன்றும் மதுராந்தகத்தில் மனை வாங்கிய கையோடு பத்திரத்தைக் கொண்டுபோய் ராமர் காலடியில் வைத்து எடுப்பவர்கள் உண்டு. பதிவு முடிந்த பிறகு செய்கிறார்கள். வில்லங்கம் பார்ப்பதற்கு முன்னால் செய்தால் இன்னும் நல்லது.

பக்கத்து வேடந்தாங்கலுக்கும் பிளேஸ் காலத்தில் ஒரு கவுல் கிடைத்தது. அங்கே ஏரி வெறும் 74 ஏக்கர். நடுவில் கடப்ப மரங்கள். சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டதை ஊரார் எதிர்த்தார்கள். எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் கழனிக்கு வேறு எரு வேண்டாம் என்பது அவர்கள் கண்ட லாபம். பறவையைச் சுடக்கூடாது என்று துரை எழுதிக் கொடுத்தார். தீபாவளிக்கு அங்கே வெடிச்சத்தம் கேட்காது. அந்த ஊரில் வீடு வாங்குகிறவர்களுக்கு இதைப் பத்திரத்தில் எழுதுவதில்லை, வாயால் சொல்லிவிடுவோம்.

சேரியின் கதை வேறு. 1810-களில் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை மிராசு பாத்தியம் பற்றிப் பதினேழு கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் 1818-ல் அச்சாயின. அவருடைய சிரஸ்தார் சங்கரய்யாவின் கையும் அதில் உண்டு. ஊர் நிலத்தில் யாருக்கு என்ன பங்கு என்று அங்கே அலசி எடுத்திருக்கிறார்கள். ஆனால் ஏரிக்கு மண் வெட்டி, கரை காத்து, கழனியில் இறங்கியவர்கள் குடிசை போட்டிருந்த இடம் யாருடையது என்று கேட்டு, அதை அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே வைத்தவர் 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர். தங்கள் குடிசை நிற்கும் மண்கூடப் பறையர்களுக்குச் சொந்தமில்லை, கூலி கூட்டிக் கேட்டால் மனையை விட்டு எழும்பு என்று மிராசுதாரர் சொல்லலாம் என்பதை அவர் குறிப்பு விவரமாகச் சொன்னது. 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி அரசாணை அதன் பலன். பஞ்சமி நிலம் அங்கிருந்துதான் வருகிறது. அந்த நிலத்தைப் பத்து வருஷம் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் அந்தச் சாதியார் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை. எத்தனை பட்டாக்களில் அந்த நிபந்தனை இருக்கிறது, எத்தனை கைகளுக்கு அது மாறிப்போயிருக்கிறது என்பதை எங்கள் தொழிலில் இருப்பவர்களிடம் யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. மலிவாக வருகிறது என்று ஓடி வருகிறவர்களுக்கு நான் முதலில் பார்த்துச் சொன்னது இதைத்தான்.

மராமத்து வேலைக்கு ஆள் வராமல் போனதும் சர்க்கார் 1858-ல் சட்டம் போட்டது, கட்டாய வேலை என்று. குடிமராமத்து என்று நாம் பெருமையாகச் சொல்வதற்கு ஒரு சட்டமும் அபராதமும் தேவைப்பட்டிருக்கிறது. பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறைக்குப் போயின. பிற்பாடு 100 ஏக்கருக்குக் கீழே ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரித்தார்கள். கரை உடைந்தால் மண்வெட்டி எடுத்த ஊர், மனு எழுதப் பழகிக்கொண்டது. அந்த மனுக்களில் நிறைய நானும் எழுதினேன், ஒன்று ஐந்து ரூபாய்க்கு.

நத்தத்துக்கு மட்டும் காகிதம் வெகுகாலம் கிடையாது. 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டம் வந்தபோதும், குடியிருக்கும் நத்தம் மனை சர்க்கார் நிலத்தில் சேராது என்றுதான் நீதிமன்றங்கள் பொருள் கொண்டன. வீட்டு வரி ரசீதும் பக்கத்து வீட்டுக்காரர் சாட்சியமும் போதும். 1980-ல் கர்ணம் பதவி போனது. எந்த மனை எவருடையது என்று தலைக்குள் வைத்திருந்த ஆள் வீட்டுக்குப் போனார். நத்தம் நிலவரித் திட்டம் வந்து அளந்து பட்டா கொடுத்த பிறகுதான் பாட்டன் வீட்டுக்குப் பேரன் எண் சொல்ல ஆரம்பித்தான். எண் வந்ததும் விலை வந்தது. அதுவரை தெருவுக்குள் கைமாறிக்கொண்டிருந்த வீடுகளை வெளியூரார் வாங்க முடிந்தது. அதற்கு முன்னால் புதிதாக வந்தவன் தலைக்கட்டு வரி கட்டி, செல்லியம்மன் கூழ் வார்த்தலில் பேர் சேர்ந்த பிறகுதான் ஊர்க்காரன். இப்போது பதிவு முடிந்த மறுநாளே காம்பவுண்டு சுவர் எழும்பிவிடுகிறது.

2016-ல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னபோது எங்கள் கடைத்தெரு மாதக்கணக்கில் ஈயாடியது. தொழில் கெட்டது, ஆனாலும் ரொம்ப நாளைக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டிய உத்தரவு என்பதே என் எண்ணம். ஏரி எல்லையை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. ஆனால் அளக்கப் போனால் கல் நடுவதற்குள் மழைக்காலம் வந்துவிடும்.

எங்கள் ஒன்றியத்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தகராறு இது. உள்வாய் ஓரப் பட்டா நிலத்தில் மனை போட்டு, பதினைந்து இருபது வீடு வந்துவிட்டது. ஏரி நிரம்பிக் கோடி போனால் கழனிக்காரர்கள் தேங்காய் உடைக்கிறார்கள். இரண்டாம் போகம் உறுதி. அதே நாளில் புது வீட்டுக்காரர்களின் கக்கூஸ் தொட்டி நிரம்பி, வாசலில் முழங்கால் தண்ணீர். கலங்கலை ஓரடி உடைத்து விடுங்கள் என்கிறார்கள் இவர்கள். மணல் மூட்டை அடுக்கி இன்னும் அரையடி உயர்த்து என்கிறார்கள் அவர்கள். பாசன சபைக் கூட்டத்துக்குப் போன வீட்டுக்காரரிடம் சபைத் தலைவர், “உங்களுக்கு ஆயக்கட்டுல நிலம் இருக்குதா சார்?” என்று மட்டும் கேட்டார். இல்லை. 2000-ஆம் ஆண்டுப் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி, நிலம் இல்லாதவருக்கு சபையில் ஓட்டு இல்லை. உத்திரமேரூரில் நிலத்தோடு வீட்டையும் கேட்டார்கள்; இங்கே வீட்டை யாரும் கேட்கவில்லை.

புது வீட்டுக்காரர்கள் தங்கள் தரப்பு மனுவை எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் கழனிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் எழுதிக் கொடுத்தேன். இரண்டும் தாலுகா ஆபீசில் ஒரே கட்டில் இருக்கின்றன. தை அறுவடை முடிந்து சர்வேயர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.