மருத்துவமனை, சிறை, வேறு தகுந்த இடம்: திருகோணமலையின் மனநோயுற்ற கைதிகளும் ஒரு சட்டப்பிரிவும்

காலனிய இலங்கையில் மனநோயாளர் அடைக்கப்பட்ட வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் மிஷல் ஃபூக்கோவிடம் போய் நிற்பது வழக்கமாகிவிட்டது. 1961இல் வெளிவந்த தமது நூலில் அவர் 1656ஆம் ஆண்டின் பாரிஸ் அரசாணையை மையத்தில் வைத்தார். ஏழை, வேலையற்றவன், பித்துப் பிடித்தவன் எல்லோரும் ஒரே மதிலுக்குள் தள்ளப்பட்டார்கள். பின்னால் வந்த மருத்துவர் அந்த மதிலையும் காவலையும் சேர்த்தே சுவீகரித்துக்கொண்டார். ஆகவே மனநல மருத்துவம் பிறப்பிலேயே ஓர் அதிகாரம் என்பது அவரது வாதம். நூலின் வலிமையில் எனக்கு ஐயமில்லை. அதைத் திருகோணமலையின் கொட்டியார்க் குடாக் கரைக்குக் கொண்டுவரும்போதுதான் பொருந்தாமல் போகிறது.

பொருந்தாமைக்கு முதற் காரணம், அந்த மதில் இங்கே எழுப்பப்படவே இல்லை. பொரளை, கறுவாத்தோட்டம், 1920களில் அங்கொடை என்று இலங்கையின் பெரும் மனநோய் விடுதிகள் கொழும்பைச் சுற்றியே அமைந்தன. பிரித்தானிய இந்தியாவைப் பற்றி 1991இல் எழுதிய வால்ட்ரவுட் எர்ன்ஸ்ட், அங்கே விடுதிகளும் அவற்றில் இருந்தோரும் சொற்பம், ஃபூக்கோ சொன்ன பேரடைப்பு நிகழவில்லை என்றார். அவரோடு நான் பாதித் தூரம்தான் செல்வேன். விடுதிக்குள் அடைபட்டோர் சொற்பம் என்பதால் அடைபட்டோரே சொற்பம் என்றாகிவிடாது. அவர்கள் இருந்த இடம் வேறு.

அந்த இடத்தைச் சட்டமே சொல்கிறது. 1898ஆம் ஆண்டின் இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 466ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். தன் தரப்பை எடுத்துரைக்க இயலாத அளவு சித்தம் கலங்கிய எதிரியை, தக்க பிணையாளர் இருந்தால் நீதிமன்றம் விடுவிக்கலாம். பிணை இல்லையேல் அரசுக்கு அறிக்கை போகும். அரசு அவரை மனநோய் விடுதியிலோ சிறையிலோ வேறு தகுந்த இடத்திலோ வைக்கும்படி கட்டளையிடலாம். இலங்கையின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கட்டளைச் சட்டமும் அதே 1898இல் வந்தது. இந்த ஏற்பாட்டின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது. கொழும்பில் வரைந்தவர்கள் இந்தியப் பிரதியைப் பார்த்து எழுதினார்களா, மூன்றாம் ஜோர்ஜ் மன்னரை ஹட்ஃபீல்ட் சுட முயன்றதை அடுத்து 1800இல் இயற்றப்பட்ட ஆங்கிலேயச் சட்டம்தான் இரண்டுக்கும் மூலமா என்பதை அறுதியிட முடியவில்லை. இந்திய வழியே கூடுதல் சாத்தியம் என்பது என் கருத்து. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் 374ஆம் பிரிவு தொடங்கி வரும் அத்தியாயத்திலும் கட்டமைப்பு மாறவில்லை. ஆளுநர் இருந்த இடத்தில் அமைச்சர் வந்து அமர்ந்தார், அவ்வளவே.

மூன்று இடங்களும் ஒரே மூச்சில், ஒன்றுக்கொன்று ஈடானவை போல அடுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். எதைத் தேர்வது என்பதில் இறுதிச் சொல் மருத்துவருடையதல்ல. இத்தனை நாளுக்குள் முடிவு வரவேண்டும் என்ற வரம்பும் இல்லை. இந்தியா பின்னாளில் விடுதிக்கு அனுப்பும் ஆணைகளைத் தன் 1912ஆம் ஆண்டு மனநோய்ச் சட்ட விதிகளுக்கு உட்படுத்தியது. இலங்கையோ 1873ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சித்தசுவாதீனமின்மைக் கட்டளைச் சட்டத்தை 1956இல் திருத்திப் பெயர் மாற்றியதோடு நின்றது. புதிய சட்ட வரைவுகள் எழுதப்பட்டன, சட்டமாகவில்லை.

இனித் திருகோணமலை. ரயில் இங்கே வந்ததே 1920களின் பின்பகுதியில். அதற்கு முன் கொழும்புக்குப் போக வேண்டுமானால் தீவைச் சுற்றிக் கப்பலில் போகலாம். இல்லையேல் ஹபரணை, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதை. நீதவானின் முன் சட்டம் வைத்த மூன்று இடங்களில் ஒன்று மறு கரையில் இருந்தது, மற்றொன்று ஊருக்குள்ளேயே இருந்தது. ஆளுநரின் கோப்பில் எந்தச் சொல் எழுதப்பட்டிருந்தாலும் கைதி அன்றிரவு படுத்தது ஊர்ச் சிறையில்தான். இதற்கு நேரடிச் சான்று குறைவு என்பார்கள். குறைவுதான். எழுதாமல் நடந்த காத்திருப்புக்குக் கோப்பில் சான்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? பிணையாளர் தேவை என்ற நிபந்தனையை இதோடு சேர்த்துப் பாருங்கள். சொந்தபந்தம் உள்ளவர் வீட்டுக்குப் போனார். துறைமுகத்துக்குப் பிழைப்புத் தேடி வந்த கூலியாள், உறவு அறுந்து அலைந்தவர், இவர்களுக்குப் பிணை நிற்க யார் வருவார்? மருத்துவரின் அதிகாரம் இங்கே யாரையும் அடைக்கவில்லை. மருத்துவர் இல்லாமையே அடைத்தது.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவையின் 302ஆம் பிரிவும் இதே கதைதான். 1995இல் நாட்டின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்தைத் தொட்டது. பூச்சிகொல்லி குடித்துப் பிழைத்தவர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பொலிஸாருக்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது. 1997இல் ஜனாதிபதிக் குழு அமைந்தது. 1998இல் பிரிவு நீக்கப்பட்டது. இந்தியா தன் 309ஆம் பிரிவின் கூர்மையைக் குறைத்தது 2017இல்.

அப்படியானால் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் நடந்த அடைப்பை என்ன செய்வது என்று ஃபூக்கோவின் அன்பர்கள் கேட்கக்கூடும். வலிந்து காணாமலாக்கப்பட்டோர் தொடர்பான ஐ.நா. செயற்குழு 2015 நவம்பரில் இங்குள்ள தளத்தினுள் இருந்த இரகசியத் தடுப்பிடத்தைப் பார்வையிட்டது. அது அடைப்புத்தான், கொடிய அடைப்பு. ஆனால் அதை நடத்தியது மருத்துவ அறிவல்ல, மருத்துவரின் கண்ணுக்கும் எட்டாதிருந்ததே அதன் இலட்சணம்.

2005ஆம் ஆண்டு மனநலக் கொள்கை அங்கொடையை நம்பியிராமல் மாவட்டந்தோறும் உள்நோயாளர் பிரிவும் மனநல வைத்திய அதிகாரிகளும் வேண்டும் என்றது. அத்திசையில் வேலையும் நடந்திருக்கிறது. சிறைக்குள் நிலைமை வேறு: மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறைச்சாலை ஆய்வு மனநலச் சேவையின் பற்றாக்குறையைப் பதிவுசெய்தது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மருத்துவப் பகுதியில் மனநலச் சிகிச்சை நிலையம் வேண்டும் என்று 103ஆம் பிரிவில் விதித்திருக்கிறது. அது எவ்வளவு நடைமுறைக்கு வந்தது என்பது தனி விசாரணை.

தூரம் என்ற நியாயம் இன்று செல்லாது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துவோர் அந்த மூன்று இடங்களிலிருந்து சிறையை நீக்க வேண்டும். மாவட்ட வைத்தியசாலையின் அறிக்கை நீதவானுக்கு வந்துசேர நாள் வரம்பு விதிக்க வேண்டும். பிணையாளர் இல்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி முதல் தவணையிலேயே தோன்ற வழி செய்ய வேண்டும்.