வீட்டுத் தோட்டத் தக்காளி: நூம்பல் வட்டாரத்துக்கு உரிய ரகத் தேர்வு

கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததும், தாவர சாஸ்திரிகளால் சொலானம் லைக்கோபெர்சிக்கம் என வழங்கப்படுவதுமான தக்காளி, தென்னமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய மலைப் பிரதேசங்களில் காட்டுச் செடியாய்த் தோன்றி, மெக்ஸிகோ நாட்டு மக்களின் கையில் பயிராக உருப்பெற்று, ஐரோப்பியரின் கப்பல்களில் ஏறி உலகம் சுற்றி நம் நாட்டை அடைந்தது. மலைச்சாரலின் குளிர்ந்த இரவுகளில் பிறந்த இச்செடி, சமவெளியின் உஷ்ணத்தை இன்னும் முழுமையாகப் பொறுத்துக்கொள்ளப் பழகவில்லை என்பதை மனத்தில் இருத்திய பிறகே, சென்னைக்கு மேற்கே திருவேற்காட்டையும் பூந்தமல்லியையும் அடுத்துள்ள நூம்பல் போன்ற ஊர்களில் எந்த ரகத்தை வீட்டில் வளர்ப்பது என்னும் வினாவுக்கு விடை தேடத் தொடங்க வேண்டும். விதைக் கடையில் நின்று பொட்டலத்தின் படத்தைப் பார்த்து ரகத்தைத் தீர்மானிப்பவர், மாதத்தைத் தீர்மானிக்க மறந்துவிடுகிறார். இவ்வட்டாரத்திலோ மாதமே முதல் தேர்வு, ரகம் அதற்கு அடுத்ததுதான்.

இதற்குக் காரணம் பூவின் உள்ளே இருக்கிறது. தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இயல்புடையது. ஆயினும் பகல் வெப்பம் 32 பாகை செல்சியஸைக் கடந்து, இரவு வெப்பமும் 21 அல்லது 22 பாகைக்குக் கீழே இறங்காத நாட்களில், மகரந்தம் வீரியம் குன்றி, பூ காம்போடு மஞ்சளித்து உதிர்ந்துவிடுகிறது. சென்னையில் மே மாதத்துப் பகல் சராசரியாக 37 பாகையைத் தொடுகிறது; இரவும் 27, 28 பாகைக்குக் குறைவதில்லை. ஆண்டிலேயே குளிர்ந்ததான ஜனவரியில்கூட இரவு 21 பாகையை ஒட்டியே நிற்கிறது. அதாவது, இவ்வூர் தக்காளிக்கு அளிக்கக்கூடிய மிகச் சிறந்த பருவமும் அச்செடியின் பொறுமைக்கு எல்லைக்கோட்டில் உள்ள பருவமே. கோடையில் தப்பித்தவறிக் காய்த்த பழங்களும் நன்றாகச் சிவப்பதில்லை. பழத்துக்குச் செந்நிறம் தரும் லைக்கோபீன் என்னும் பொருள் 30 பாகைக்கு மேல் சரிவர உண்டாகாமையால், அவை செம்மஞ்சளாகவே பழுத்து நின்றுவிடும். இதை நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பவர்கள் உண்டு. அது வீண் செலவு.

ஆகவே பூக்கும் காலம் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரையில் அமையும்படி விதைக்க வேண்டும். நாற்று 25 நாள், நட்டபின் பூப்பதற்கு ஏறக்குறைய ஒரு மாதம், பூ பழமாவதற்கு மேலும் 40 அல்லது 45 நாள் என்று கணக்கிட்டால், ஐப்பசிப் பிற்பகுதியிலோ கார்த்திகை முற்பகுதியிலோ கூரையின் கீழ் நாற்று விடுவதே முறை என்பது தெரியவரும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியை எல்லாப் பயிருக்கும் பொதுவாக்கிக்கொண்டு, ஆடியில் தக்காளி விதைக்கும் பழக்கம் இங்கே பரவலாகக் காணப்படுகிறது. வெண்டைக்கும் அவரைக்கும் அது பொருந்தலாம்; நூம்பலில் ஆடியில் விதைத்த தக்காளியோ, புரட்டாசிப் புழுக்கத்தில் பூத்து உதிர்த்து, எஞ்சிய காய்களை ஐப்பசி அடைமழைக்குப் பலிகொடுக்கும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. 2015-லும், மிக்ஜாம் புயல் வந்த 2023-லும் டிசம்பர் முதல் வாரத்திலேயே பெருவெள்ளம் சூழ்ந்தமை இவ்வட்டாரத்தார் மறக்கக்கூடியதன்று. தரையில் நடுபவர்கள் அவ்வாரம் கழியும்வரை நாற்றைத் தட்டிலேயே வைத்திருப்பது விவேகம்.

இனி ரகங்களுக்கு வருவோம். கோயம்பேட்டுச் சந்தையில் தக்காளி இரண்டே ஜாதி: ஒன்று நாட்டுத் தக்காளி, மற்றொன்று நவீன் அல்லது பெங்களூர்த் தக்காளி. முன்னது தட்டை உருண்டையாய், மேற்புறம் வரிவரியாய்ப் பள்ளம் விழுந்து, மெல்லிய தோலும் மிகுந்த சாறும் புளிப்பும் உடையது. பின்னது நீண்டுருண்டு, தடித்த தோலும் கெட்டியான சதையும் கொண்டு, மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் லாரிகளில் வந்தும் நசுங்காதது. ரசத்துக்கு நாட்டுத் தக்காளியையும், நாலு நாள் வைத்திருப்பதற்கு நவீனையும் வாங்குவது சென்னைக் குடும்பத்துப் பெண்டிரின் நெடுநாள் வழக்கம். வீட்டில் வளர்ப்பவருக்கு லாரிப் பயணம் என்ற கவலை இல்லையாதலால், கடைத் தக்காளியின் பெருமையாகச் சொல்லப்படும் குணங்களுள் பாதி அவருக்குப் பிரயோஜனமற்றவை.

நாட்டுத் தக்காளி என்று விற்கப்படுவதில் பெரும்புகழ் பெற்ற ரகம் பி.கே.எம். 1. தேனியை அடுத்த அன்னஞ்சியின் பெயரால் வழங்கிய உள்ளூர்த் தக்காளியிலிருந்து, செயற்கை முறையில் திரிபு உண்டாக்கிப் பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சியாளர்கள் பெற்றெடுத்த ரகம் இது. 135 நாள் வயது. காயாயிருக்கையில் காம்பைச் சுற்றி அடர்ந்த பச்சைத் தோள் போர்த்தியிருப்பது இதன் அடையாளம். அந்தப் பச்சைத் தோளைப் பற்றி ஒரு விசேஷம் சொல்ல வேண்டும். காய் முழுவதும் ஒரே சீராக வெளுத்துப் பின் ஒரே சீராகச் சிவந்தால் பார்வைக்கு அழகு என்பதற்காக, பச்சைத் தோள் இல்லாத செடிகளையே மேல்நாட்டு வணிக விதைக்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்தனர். அவ்வாறு விலக்கப்பட்ட மரபணுதான் காயில் பச்சையத்தைப் பெருக்கி, அதன்வழிச் சர்க்கரையையும் சுவைக்குரிய பொருள்களையும் மிகுவிப்பது என்று 2012-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று நிரூபித்தது. கடைப் பழத்தில் ருசி இல்லை என்ற பாட்டிமார்களின் முறையீட்டுக்கு இதைவிட நல்ல சாட்சியம் வேண்டுவதில்லை.

கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3, அதாவது ‘மருதம்’, மாடிக்கென்றே செய்ததுபோன்ற ரகம். அதை உருவாக்கியவர்களின் நோக்கம் அதுவன்று, குட்டைச் செடிகளை நெருக்கி நட்டு அதிக மகசூல் காண்பதே. கோ 1 விதைகளை இரசாயனப் பொருளில் ஊறவைத்து உண்டாக்கிய இத்திரிபு, குறுகி அடர்ந்து, கொத்துக் கொத்தாய்க் காய்த்து, ஏறக்குறைய 105 நாளில் தன் கடமையை முடித்துவிடும். குளிர்ந்த பருவமே குறுகியதாக உள்ள ஊரில், முப்பது நாள் முன்னதாக முடியும் செடி என்பது சிறிய அனுகூலமன்று. இதனைப் பூசா ரூபியோடு கலந்து பெற்ற பையூர் 1, கிருஷ்ணகிரி மாவட்டத்து மானாவாரி நிலங்களை எண்ணிப் படைக்கப்பட்டது. தினமும் தண்ணீர் ஊற்ற ஆளிருக்கும் வீட்டுக்கு அதைத் தேடிப்போக வேண்டிய அவசியம் இல்லை.

மேற்கூறியவற்றுக்கெல்லாம் ஒரு பொதுக் குறை உண்டு: இலைச்சுருட்டு நோய்க்கு முன் அவை நிராயுதபாணிகள். வெள்ளை ஈ பரப்பும் இந்த வைரஸ் நோய் பற்றிய செடியில் நுனியிலைகள் சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டு, மஞ்சளித்து, செடி வளர்ச்சி நின்றுவிடும். பிணிக்கு மருந்தில்லை, பிடுங்கி அப்புறப்படுத்துவதே வழி. மழை ஓய்ந்து தை வெயில் ஏறத் தொடங்கியதும் வெள்ளை ஈயும் பெருகுவதால், நாம் பூவுக்கென்று தேடிய பருவமே அதற்கும் வாய்ப்பான பருவமாகிவிடுகிறது. பக்கத்து வீட்டு மாடிகளில் கத்தரியும் மிளகாயும் ஆண்டு முழுவதும் நிற்கும் தெருக்களில் இது தவிர்க்க முடியாத தொல்லை. அத்தகைய இடங்களுக்குப் பெங்களூர் ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் உகந்தது. இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் ஆகிய மூன்றையும் ஒருங்கே எதிர்க்கும் வீரிய ஒட்டு ரகமாகப் பெயர் பெற்ற இதன் பழம் 90 கிராமுக்குக் குறையாமல் திரண்டு, நல்ல சிவப்பும் கெட்டித்தன்மையும் கொண்டிருக்கும். பின்வந்த அர்கா அபேத் இவற்றோடு பின்பருவக் கருகலையும் தாங்குகிறது. இவற்றின் ருசி நவீன் தக்காளியை ஒத்ததே அன்றி, பி.கே.எம். 1-இன் புளிப்பை எதிர்பார்த்தல் ஆகாது. செடியும் உயர்ந்து வளருமாதலால் குச்சி ஊன்றிக் கட்டவேண்டும். அந்நிறுவனமே அமெரிக்க நாட்டு ‘டிப் டாப்’ என்னும் ரகத்திலிருந்து தெரிந்தெடுத்த அர்கா விகாஸ், ஒட்டு ரகமன்று, வறட்சியைச் சகிப்பது, நாட்டு ரகங்களுக்கும் இவ்வொட்டு ரகங்களுக்கும் இடைப்பட்டதாகச் சொல்லலாம்.

தைவானில் 1971-ல் நிறுவப்பெற்ற உலகக் காய்கறி மையம், வெப்ப நாட்டு இரவுகளிலும் காய்பிடிக்கும் தக்காளி வம்சங்களை விருத்தி செய்து பல நாடுகளுக்கும் அளித்துவருகிறது. கோயம்புத்தூரில் உருவான சில ஒட்டு ரகங்களின் பெற்றோருள் ஒன்றும் அங்கிருந்து வந்ததே. ஆனால் ‘வெப்பம் தாங்கும்’ என்ற அடைமொழிக்கு அர்த்தம், மற்றவை பத்துக் காய் பிடிக்கும் இடத்தில் இது இருபது பிடிக்கும் என்பதேயொழிய, சித்திரையில் தை மாதத்து விளைச்சல் தரும் என்பதன்று. கோடையிலும் செடியில் ஏதேனும் பழம் தொங்க வேண்டும் என்று ஆசைப்படுவோருக்குச் செர்ரி தக்காளி ஒன்றே ஓரளவு கைகொடுக்கும். சிறுகாய் ஜாதிகள் உஷ்ணத்தில் பெருங்காய் ஜாதிகளைவிட எளிதில் காய்பிடிக்கின்றன. பாதி நிழல் தரும் பச்சை வலையின் கீழ் அதை வைக்கலாம். இணையக் கடைகளில் கவர்ச்சிப் படங்களோடு விற்கப்படும் கறுப்புத் தக்காளி, அரைக் கிலோ எடையுள்ள ‘பீஃப்ஸ்டேக்’ முதலிய மேல்நாட்டுப் பழம்பெரும் ரகங்கள், நீண்ட குளிர்ந்த கோடையை எதிர்பார்த்து மெல்ல வளர்பவை. நூம்பலில் அவற்றை விதைப்பது பணத்தை மண்ணில் புதைப்பதாகும்.

செடி நிற்கும் இடமும் தேர்வில் பங்குகொள்கிறது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் மனைகளாகிய இப்பகுதியில், வீட்டைச் சுற்றியுள்ள தரை பெரும்பாலும் மழைநீர் தேங்கும் களியாகவோ, கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கியதாகவோ இருக்கும்; முன்னதில் வாடல் நோய் எளிதில் தொற்றும். அங்கே பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, வாடல் எதிர்க்கும் அர்கா வகைகளை நடுவது நலம். மாடியிலோ நோய்க்கிருமி குறைவு, வெக்கை அதிகம். 2013-ல் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்ற தொகுப்பைச் சென்னை, கோவை மக்களுக்கு அறிமுகம் செய்த நாள் முதலாகத் தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகளே மாடித் தோட்டத்தின் இலக்கணம் ஆகிவிட்டன. நார்க்கழிவு இலேசானது, ஆனால் தனியே அதில் சத்தில்லை. தொழு உரமும் செம்மண்ணும் சேர்ந்த கலவையில், செடி ஒன்றுக்கு 15 லிட்டருக்குக் குறையாத கொள்ளளவு கொடுத்தால் கோ 3-உம், இன்னும் சற்றுப் பெரிய பையில் பி.கே.எம். 1-உம் நன்கு வரும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால், சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை சென்றடையாமல் அடிப்பாகம் கறுத்து அழுகும். எந்த ரகமும் இதற்கு விலக்கன்று. காற்றில்லாத காலைகளில் பூங்கொத்தை விரலால் சுண்டிவிடுவது மகரந்தம் உதிரத் துணைசெய்யும்.

வீட்டுத் தக்காளியால் பணம் மிச்சமாகுமா என்று கேட்போர் உண்டு. 2023 ஜூலையில் சென்னையில் கிலோ விலை நூறு ரூபாயைத் தாண்ட, அரசாங்கம் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. 2021 நவம்பர் மழையிலும் விலை இவ்வாறே ஏறியது. விலை ஏறும் அம்மாதங்களில் நம் மாடியில் பழம் இராது. நம் செடி காய்த்துக் குலுங்கும் மாசியிலும் பங்குனியிலும் சந்தையில் பெரும்பாலும் விலை மலிந்திருக்கும். ஆதலின் சிக்கனம் கருதி இதில் இறங்குவோர் ஏமாறுவர். ருசி கருதி இறங்குவோர் ஏமாறமாட்டார்.

ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் தாய்ச் செடியின் குணங்கள் சிதறிப்போகும், பி.கே.எம். 1, கோ 3, அர்கா விகாஸ் ஆகியவற்றின் விதைகளையோ வீட்டிலேயே எடுத்துவைக்கலாம். நோயற்ற செடியில் முற்றும் கனிந்த பழத்தின் விதைக்கூழை இரண்டு நாள் புளிக்கவிட்டு, வழுவழுப்பு நீங்கக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஈரம் புகாத புட்டியில் இட்டால் மூன்று ஆண்டுகள்வரை முளைப்புக் கெடாது. ஒரே ரகம்தான் வளர்க்க இடம் என்பவர் பி.கே.எம். 1-ஐயே வைக்கட்டும், அது இலைச்சுருட்டுக்கு இரண்டு பருவம் தொடர்ந்து பலியானால் மட்டும் அர்கா ரக்ஷக்குக்கு மாறட்டும்.