சுவரில் மாட்டிய குடும்பப் படங்கள்: சங்கரன்கோவில் வட்டாரம்

சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்தில் உள்ள நகராட்சி. 2019-ல் புதிய மாவட்டம் உருவாகும் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. சங்கரநாராயணர் கோயிலும் கோமதியம்மனின் ஆடித்தபசுத் திருவிழாவும் ஊரின் அடையாளங்கள். நெசவு முதன்மைத் தொழில்களில் ஒன்று. இவ்வட்டாரத்துப் பழைய வீடுகளின் பட்டாசலில் நிலைப்படிக்கு மேலே கண்ணாடிச் சட்டமிட்ட படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். சாமிப் படங்களை அடுத்து தாத்தா பாட்டி, கல்யாணக் கோலத்தில் ஒரு தம்பதி, பட்டம் வாங்கிய மகன் எனக் குடும்பப் படங்கள் வரும். எழுத்தில் வரலாறு இல்லாத பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்த வரிசையே கையில் உள்ள ஆவணம். இது எப்படி உருவானது, இதில் எது இடம்பெற்றது, எது விடுபட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கோயிலிலிருந்து குடும்பத்துக்கு

1839-ல் பாரிசில் தாகேரின் ஒளிப்பட முறை அறிவிக்கப்பட்டது. சில மாதங்களில் அது கல்கத்தாவை எட்டியது. சென்னையில் கலைப்பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹன்டரின் முயற்சியால் 1850களின் பிற்பகுதியில் புகைப்படச் சங்கம் தொடங்கப்பட்டது. அதே காலத்தில் லின்னேயஸ் டிரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகப் பணியாற்றி, மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களையும் கட்டடங்களையும் படமெடுத்தார். தமிழகத்தின் முதல் படங்களில் கோபுரங்கள் இருந்தன, குடும்பங்கள் இல்லை.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலை மாறியது. முன்கூட்டியே தயாரித்த உலர் கண்ணாடித் தகடுகள் கடைகளில் கிடைத்தன. படமெடுப்பவர் தகட்டை ஈரமாகப் பூசி உடனே கழுவவேண்டிய நெருக்கடி நீங்கியது. சென்னையின் ஐரோப்பிய ஸ்டூடியோக்களுக்கு அப்பால், கும்பகோணத்தின் நல்லபிள்ளை போன்ற தமிழ்ப் புகைப்படக்காரர்கள் சிறு நகரங்களில் தொழில் தொடங்கினர். ஆனாலும் படமெடுத்துக்கொள்வது நெடுங்காலம் வசதி படைத்தவர்களுக்கே உரியதாக இருந்தது. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சமும் ஊர்களில் நிலவியது.

படங்கள் எவ்வளவு அரியவையாக இருந்தன என்பதற்கு சுப்பிரமணிய பாரதியே சான்று. எட்டயபுரத்தில் பிறந்து கடையத்தில் பெண்ணெடுத்த அவருக்கு இன்று கிடைக்கும் அசல் படங்கள் மிகச் சிலவே. செல்லம்மாளுடன் இருக்கும் படம் புதுச்சேரி வாழ்க்கைக் காலத்தில் எடுக்கப்பட்டது. அந்தக் குடும்பத்தை இன்றைய தமிழர் கண்ணால் அறிவது அச்சிடப்பட்டுப் பாதுகாக்கப்பட்ட அந்தச் சில தாள்களின் வழியாகத்தான்.

கோவில்பட்டியும் சிவகாசியும்

இவ்வட்டாரத்துச் சுவரில் சாமிப் படமும் குடும்பப் படமும் அருகருகே அமைந்ததற்குத் தொழில் சார்ந்த காரணமும் உண்டு. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற ஓவியர் சி. கொண்டைய ராஜு (1898–1976) நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தவர். 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் டி.எஸ். சுப்பையா முதலிய மாணவர்களும் தெய்வப் படங்களை வரைந்தார்கள். அங்கு உருவான தேவி ஆர்ட் ஸ்டூடியோவில் ஓவியத்தோடு புகைப்படத் தொழிலும் நடந்தது. அவர்கள் வரைந்த படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாகி நாடெங்கும் சென்றன.

நாடகத் திரைக்கும் ஸ்டூடியோவின் பின்திரைக்கும் உறவு நெருக்கமானது. அரண்மனைத் தூண், படிக்கட்டு, பூந்தோட்டம், ஏரி ஆகியவை இரண்டிலும் வந்தன. காலண்டரில் வந்த முருகனையும், ஸ்டூடியோவில் எடுத்த தாத்தாவையும் ஊர்க் கண்ணாடிக் கடையில் ஒரே மாதிரிச் சட்டத்துக்குள் அடைத்துக் கொடுத்தார்கள்.

ஸ்டூடியோ படத்தின் முறைமை

ஸ்டூடியோ படங்களுக்குப் பொதுவான ஒழுங்கு இருந்தது. மூத்தவர் நாற்காலியில் அமர்வார், இளையவர் நிற்பார், குழந்தைகள் தரையில் சம்மணமிடுவார்கள். கைக்கடிகாரம் தெரியும்படி கை வைக்கப்படும். ஓரத்தில் முக்காலியும் அதன்மேல் பூச்சாடியும் இருக்கும். யாரும் சிரிப்பதில்லை. சட்டை, கோட்டு, செருப்பு முதலியவற்றை ஸ்டூடியோவே இரவல் தருவதும் உண்டு.

தமிழகத்துக்கே உரிய மரபு ஒன்று பூச்சடைப் படம். பூப்பெய்திய பெண்ணுக்கோ, வளைகாப்புக்கு அலங்கரித்த பெண்ணுக்கோ தாழம்பூவும் மல்லிகையும் வைத்துச் சடை தைப்பார்கள். பின்பக்க அலங்காரமும் தெரிய வேண்டுமென்பதற்காகக் கண்ணாடியின் முன் நிறுத்திப் படமெடுப்பார்கள். ஒரே படத்தில் முகமும் சடையும் பதிவாகும்.

மற்றொன்று இறந்தவர் படம். வாழ்நாளில் ஒருமுறைகூடப் படமெடுத்துக்கொள்ளாதவரை, இறந்தபின் நாற்காலியில் சாய்த்து, மாலையிட்டு, உறவினர் சூழப் படமெடுத்தார்கள். பழைய குழுப் படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் திருத்தி மாலைப் படமாக்குவதும் வழக்கமாயிற்று. 1993-ல் தேர்தல் ஆணையம் புகைப்பட வாக்காளர் அட்டைக்கு உத்தரவிட்ட பிறகு, அட்டைக்காக எடுத்த சிறு படமே பல வீடுகளில் மாலைப் படமாகப் பெரிதாக்கப்பட்டது.

சுவர் சொல்லும் செய்தி

படங்கள் சுவரோடு ஒட்டாமல், கீழிருந்து பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி முன்பக்கம் சாய்ந்து மாட்டப்பட்டன. இறந்தவர் படத்தின் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டன. சந்தனச் சீவல் மாலை தொங்கியது. திதி நாளில் படத்தின் முன் இலை போட்டுப் படைத்தார்கள். வீரனுக்கு நடுகல் நாட்டியும், முன்னோரைக் குலதெய்வமாக வணங்கியும் வந்த சமூகத்தில் படம் எளிதாக வழிபாட்டுப் பொருளானது.

வழிபாட்டைத் தாண்டியும் அதற்குப் பயன் இருந்தது. வீட்டுக்கு வரும் சம்பந்திகளுக்கு உறவு முறையை விளக்க அது உதவியது. பிறந்த குழந்தைக்கு யார் சாயல் என்று பெரியவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பர்மாவுக்கும் இலங்கைக்கும் பிழைக்கப் போனவர்களின் முகத்தை ஊரில் இருந்தவர்கள் கடிதத்தோடு வந்த படத்தில்தான் பார்த்தார்கள். பெட்டிக்குள் இருக்கும் படத்தை எடுத்துத் தேட வேண்டும். சுவரில் இருக்கும் படம் தேடாமலே கண்ணில் படும். அதைக் காட்டி யாராவது ஒரு கதை சொல்வார்கள். பெயரும் உறவும் அடுத்த தலைமுறைக்குச் சென்றது அப்படித்தான்.

விடுபட்ட அன்றாடம்

இந்த வரிசையில் ஒரு பெரிய குறை உண்டு. சுவரில் இருப்பவை எல்லாம் விசேஷ நாட்களின் படங்கள். பாவு ஓடிய தெருவும், தறியில் உட்கார்ந்த தாத்தாவும், ராட்டையில் தார் சுற்றிய பாட்டியும் அதில் இல்லை. வாழ்நாள் முழுவதும் நெய்தவர், படத்தில் தறிக்குப் பதில் வரைந்த அரண்மனைத் தூணருகே நிற்கிறார். அடுப்படியில் நாளைக் கழித்த பெண்ணின் அடுப்படி எந்தப் படத்திலும் வரவில்லை.

செலவு இதற்கு முதற் காரணம். கனமான கேமராவும் வெளிச்சத் தேவையும் ஸ்டூடியோவைத் தாண்டிப் போக இடம்தரவில்லை. மரியாதை பற்றிய எண்ணமும் சேர்ந்தது. உழைக்கும் கோலத்தில் படத்தில் நிற்பது குறைவாகக் கருதப்பட்டது; படம் என்பது நல்ல உடையில், நல்ல நாளில் எடுப்பது.

1960களிலும் 70களிலும் சிறிய மாற்றம் வந்தது. பரோடாவில் தயாரான ஆக்பா கிளிக் 3 போன்ற எளிய கேமராக்கள் நடுத்தர வீடுகளுக்கு வந்தன. உதகையில் 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கருப்பு வெள்ளைச் சுருளும் அச்சுத்தாளும் தயாரித்தது. ஒரு சுருளில் 12 படம் என்பதால் ஒவ்வொன்றையும் யோசித்தே எடுத்தார்கள். கிணற்றடியில் குளிக்கும் பிள்ளைகள், திண்ணையில் பூ கட்டும் அத்தை, முற்றத்துக் கன்றுக்குட்டி எனச் சில காட்சிகள் அப்போதுதான் பதிவாகின. எண்ணிக்கையில் குறைவான இந்தப் படங்களே இன்று வீட்டின் அமைப்பையும் உடையையும் பாத்திரத்தையும் அறிய மிகவும் உதவுகின்றன.

தாளிலிருந்து திரைக்கு

1980களுக்குப் பின் வண்ணப் படங்களும் கல்யாண ஆல்பங்களும் பெருகின. படம் சுவரிலிருந்து பீரோவுக்குப் போனது. செல்பேசி வந்தபின் நிலைமை தலைகீழானது. முன்பு எடுக்கவே படாத அன்றாடம் இப்போது நாள்தோறும் எடுக்கப்படுகிறது, ஆனால் அச்சாவதில்லை. செல்பேசி பழுதானாலோ, கடவுச்சொல் மறந்தாலோ, கணக்குக்கு உரியவர் இறந்தாலோ படங்களும் போய்விடுகின்றன. 2012-ல் கோடக் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. உதகை ஆலையும் பின்னர் உற்பத்தியை நிறுத்தியது.

2011-ல் ஜப்பானில் ஆழிப்பேரலை ஓய்ந்தபின், இடிபாடுகளில் கிடைத்த குடும்பப் படங்களைத் தன்னார்வலர்கள் திரட்டி, சேறு நீங்கக் கழுவி, உலர்த்தி, உரியவர்களிடம் சேர்த்தார்கள். கடல்நீரில் ஊறிய தாளிலும் முகங்கள் எஞ்சியிருந்தன.

ஆவணப்படுத்தும் முயற்சிகள்

தமிழகத்து ஸ்டூடியோப் படங்களைக் காப்பதில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்னின்றது. ஆய்வாளர் சோயி ஹெட்லி முதலியோர் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணங்கள் திட்ட உதவியுடன் பழைய ஸ்டூடியோக்களையும் வீடுகளையும் தேடிச் சென்று படங்களை எண்ணிமப்படுத்தினர். அதற்குள் பல ஸ்டூடியோக்கள் இடமில்லாமல் கண்ணாடி நெகட்டிவ்களைக் கழித்துவிட்டிருந்தன. அகில இந்திய அளவில் அனுஷா யாதவ் 2010-ல் தொடங்கிய ‘இந்தியன் மெமரி ப்ராஜெக்ட்’ குடும்பப் படங்களை அவற்றின் கதைகளோடு தொகுக்கிறது. கதை இல்லாத படம் யாரோ ஒருவர் முகமாக மட்டும் மிஞ்சும் என்பதை இம்முயற்சிகள் காட்டுகின்றன.

வீட்டில் பேணுதல்

ஈரச்சுவர், நேர்வெயில், பூஞ்சை, வெள்ளிமீன் பூச்சி ஆகியவை படத்தின் பகைகள். படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முயன்றாலே கிழியும். சட்டத்தோடு மறுபடமெடுப்பதே பாதுகாப்பு. பசைத்தாள் ஆல்பங்கள் காலப்போக்கில் படத்தைக் கறையாக்கும். நல்ல முறையில் கழுவிய கருப்பு வெள்ளைப் படம், சாயத்தால் ஆன பழைய வண்ணப் படத்தைவிட நீண்டநாள் நிற்கும். அசலை உலர்ந்த பெட்டியில் வைத்து, நகலைச் சுவரில் மாட்டலாம்.

படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், உறவு, ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதிவைப்பது எளிதான, செலவில்லாத ஆவணப் பணி. செல்பேசியில் சேரும் படங்களிலிருந்து ஆண்டுக்குச் சிலவற்றையாவது, குறிப்பாகத் தறியையும் அடுப்படியையும் தெருவையும் காட்டுபவற்றை, தாளில் அச்சிட்டு மாட்டினால், பழைய சுவரில் விடுபட்ட பக்கம் இனியாவது நிரம்பும். பெயர் சொல்லக்கூடிய முதியவர்கள் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்ய முடியும்.