'மீளப்பெறப்படுகிறது' என்றால் யார், என்ன செய்ய வேண்டும்?

ஒரு பொருள் சந்தையிலிருந்து 'மீளப்பெறப்படுகிறது' என்று பத்திரிகையில் அறிவித்தல் வரும்போது, அதை வாசிக்கும் ஒருவர் என்ன விளங்கிக்கொள்கிறார்? பண்டத்தரிப்பிலும் அயலிலும் கடைக்கும் சந்தைக்கும் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வியைப் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். ஆய்வு என்று சொல்லுமளவுக்கு எதுவும் இல்லை, வெறும் பேச்சுத்தான். ஆனால் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. "கொம்பனிக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவினம்." ஒரு பெரியம்மா இன்னும் தெளிவாகச் சொன்னார்: "அது கடைக்காரருக்குச் சொல்லுறது பிள்ளை, எங்களுக்கில்லை."

பெரியம்மா சொன்னதில் பிழையில்லை. அந்த வாக்கியம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 'மீளப்பெறல்' என்ற செயலைச் செய்வது நிறுவனம். வீட்டில் பொருளை வைத்திருப்பவர் செய்யவேண்டியவை மூன்று: பாவிப்பதை நிறுத்துவது, புறம்பாக எடுத்து வைப்பது, திருப்பிக் கொடுப்பது. இந்த மூன்றில் ஒன்றுகூட அந்தச் சொல்லுக்குள் இல்லை. அதன் பின்னால் 'பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்', 'அறியத்தரப்படுகின்றது' என்று வந்தால், யார் கேட்கிறார், யாரிடம் கேட்கிறார், எவ்வளவு அவசரம் என்பதெல்லாம் மறைந்துவிடும். மரண அறிவித்தலும் கேள்வி அறிவித்தலும் இதே நடையில்தான் வருகின்றன.

சொல் எவ்வளவு முக்கியம் என்பதை ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாகவே எழுதிவிட்டது. 2024 டிசெம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த பொதுப் பொருட் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 36ஆம் உறுப்புரை, மீளப்பெறல் அறிவித்தலில் எந்தச் சொற்கள் வரக்கூடாது என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. 'சுயவிருப்பில்', 'முன்னெச்சரிக்கையாக', 'அரிதான சந்தர்ப்பங்களில்' என்றெல்லாம் எழுதக்கூடாது. 'இதுவரை விபத்து எதுவும் பதிவாகவில்லை' என்று சொல்வதும் கூடாது. ஆபத்தைக் குறைத்துக் காட்டும் சொற்கள் இவை என்பதே காரணம். அறிவித்தலைக் கண்ட பிறகும் நுகர்வோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அந்தப் பொருளைத் தொடர்ந்து பாவித்தார்கள் என்ற கண்டறிதல் இந்த விதிக்குப் பின்னால் இருக்கிறது. பிரான்சிலும் ஜேர்மனியிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அறிவித்தல்கள் இப்போது இந்த விதிப்படியே எழுதப்பட வேண்டும். இங்கே வரும் அறிவித்தல்களிலோ 'முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக' என்பதுதான் முதல் வரி.

2013 ஒகஸ்ட் மாதத்துப் பால்மா விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். நியூசிலாந்தின் பொன்ரெரா நிறுவனம், தனது மோர்ப் புரதத்தின் ஒரு பகுதியில் பொட்டுலிசம் நோயை உண்டாக்கும் பக்டீரியா இருக்கலாம் என்று அந்த மாதத் தொடக்கத்தில் அறிவித்தது. ஏறத்தாழ அதே நாட்களில் இலங்கைச் சுகாதார அமைச்சு, டிசிடி என்ற இரசாயனம் காணப்பட்டதாகக் கூறி, அங்கர் பால்மாவின் குறித்த தொகுதிகளை மீளப்பெறுமாறு உத்தரவிட்டது. இவை இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். ஒன்று கிருமி. மற்றையது, பசுக்கள் மேயும் புல்வெளிகளில் நைதரசன் வீணாகாமலிருக்கப் பாவிக்கும் ஒரு பொருளின் எச்சம். ஆனால் கடை வாசலில் இரண்டும் சேர்ந்து 'பால்மாவில் நஞ்சு' ஆகிவிட்டன. நிறுவனம் டிசிடி பரிசோதனை முடிவை மறுத்தது. நீதிமன்றம் விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் தற்காலிகத் தடை விதித்தது. மாத இறுதியில், அந்தப் பக்டீரியா பொட்டுலிசத்தை உண்டாக்கும் வகையே அல்ல என்று நியூசிலாந்து அரசு அறிவித்தது. இந்தக் கடைசிச் செய்தி முதல் செய்தி போன இடங்களுக்கெல்லாம் போய்ச் சேரவில்லை. இன்றைக்கும் 'அந்தப் பால்மாவில் கிருமி' என்று சொல்பவர்களைக் காணலாம்.

2021 மார்ச்சில் தேங்காயெண்ணெய். இறக்குமதியான எண்ணெயில் அஃப்ளடொக்சின் கண்டுபிடிக்கப்பட்டது. செய்தியாகப் பரவியதோ 'புற்றுநோயை உண்டாக்கும் தேங்காயெண்ணெய்' என்ற சொற்றொடர். எந்தப் பெயரில், எந்தப் போத்தலில், எந்தத் தொகுதியில் என்று கேட்ட சனத்துக்கு அந்த நேரத்தில் நேரான பதில் கிடைக்கவில்லை. அச்சொற்றொடர் ஆளுக்கு ஆள் வேறுவிதமாக வேலை செய்தது. சிலர் எந்த எண்ணெயையும் வாங்காமல் விட்டார்கள். செக்கெண்ணெயைத் தேடிப் போனவர்களும் உண்டு. வேறு சிலர் 'எல்லாத்திலும்தான் புற்றுநோய் எண்டு சொல்லுறாங்கள்' என்று சொல்லி முன்னர் வாங்கியதையே வாங்கினார்கள். ஆபத்தின் பெயரைப் பெரிதாகச் சொல்லிப் பொருளின் பெயரைச் சொல்லாமல் விட்டால் நடப்பது இதுதான். பீதியும் அலட்சியமும் ஒரே அறிவித்தலில் இருந்து பிறக்கும்.

அதே ஆண்டு நவம்பரிலும் டிசெம்பரிலும் எரிவாயு. நாடு முழுவதும் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தபோது, 'சிலிண்டர் வெடிக்கவில்லை, வாயுக் கசிவினால் ஏற்பட்ட தீ' என்ற விளக்கம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. தொழில்நுட்பரீதியில் அது சரியாக இருக்கலாம். இரும்புச் சிலிண்டர் பிளக்கவில்லை. ஆனால் கண்ணாடி அடுப்பு சிதறித் தன் கையைக் கிழித்த பெண்ணுக்கு அது வெடிப்புத்தான். சொல்லுக்காக வாதாடிய நேரத்தில் சொல்லியிருக்க வேண்டியவை வேறு: ரெகுலேட்டர் பொருத்தும் இடத்தில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள், குழாயின் வயதைப் பாருங்கள், இரவில் வால்வை மூடுங்கள். விசாரிக்க நியமிக்கப்பட்ட நிபுணர் குழு, புரொப்பேன் – பியூட்டேன் கலவை விகிதம் மாற்றப்பட்டதையே முக்கிய காரணமாகச் சுட்டியது. அதற்கிடையில் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகளில் பனைமட்டையும் பொச்சுமட்டையும் திரும்ப அடுப்படிக்கு வந்துவிட்டன.

இந்தப் பிரதேசத்தில் அறிவித்தல்களுக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. கொழும்பிலிருந்து எழுதுபவர்களுக்கு அது தெரியாது, அல்லது நினைவில் இல்லை. 1995 ஜூலை 9ஆம் திகதி, பண்டத்தரிப்பையும் ஊடறுத்து இராணுவம் 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கையைத் தொடங்கியது. கோயில்களிலும் தேவாலயங்களிலும் தங்குங்கள் என்று சனத்துக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டிருந்தது. அன்றைக்கே நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தின் மீது குண்டு வீசப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அறிவித்தலை நம்பி அங்கே தங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதே ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி, ஒலிபெருக்கியில் வந்த அறிவித்தலைக் கேட்டு வலிகாமமே எழும்பி நடந்தது. அதற்குப் பிறகு ஐம்பது வயதைத் தாண்டிய எவரும் ஓர் அறிவித்தலை வெறும் தகவலாக வாசிப்பதில்லை. யார் சொல்வது, ஏன் இப்போது சொல்வது, சொல்லாமல் விட்டது என்ன என்று பார்ப்பார்கள். 'அச்சப்படத் தேவையில்லை' என்று ஓர் அதிகாரி சொன்னால், அச்சம் அங்கேதான் தொடங்கும்.

ஆனால் எங்களுக்கு நன்றாக வேலை செய்த அறிவித்தலும் ஒன்று இருக்கிறது: மிதிவெடிப் பலகை. சிவப்பு நிறம், மண்டையோட்டுப் படம், ஒரு சொல். பாடசாலைகளில் சொல்லிக் கொடுத்ததும் அவ்வளவே. கிட்டப் போகாதே, தொடாதே, கண்டால் பெரியவர்களிடம் சொல். 'முன்னெச்சரிக்கையாக' என்றோ 'அரிதான சந்தர்ப்பங்களில்' என்றோ அதில் எதுவும் கிடையாது. எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் தான் செய்யவேண்டியது விளங்கியது.

சுன்னாகத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. அனல் மின்நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், ஒரு பக்கத்தில் 'குடிக்க உகந்ததல்ல' என்றார்கள். மறுபக்கத்தில் 'நச்சுப் பொருட்கள் கண்டறியப்படவில்லை' என்றார்கள். இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எண்ணெய் இருக்கலாம், பார உலோகம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒருவருக்கு வேண்டியது, இந்தத் தண்ணீரில் சமைக்கலாமா, குழந்தையைக் குளிக்க வார்க்கலாமா என்பதே. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர்நீதிமன்றம் நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கிணற்றை எவரும் மீளப்பெற முடியாது என்பதால், அங்கே சொல் தெளிவாக இருந்திருக்க வேண்டிய தேவை இன்னும் அதிகம்.

பெரிய நிறுவனங்களும் இதில் தடுமாறியிருக்கின்றன. 2015 ஜூனில் இந்தியாவில் மாகி நூடில்ஸைத் திரும்பப் பெற உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டபோது, நெஸ்லே 'எங்கள் பொருள் பாதுகாப்பானது, இருந்தும் விலக்கிக்கொள்கிறோம்' என்ற தொனியில் பேசியது. பாதுகாப்பானதை ஏன் எடுக்கிறீர்கள் என்று எவரும் கேட்பார்கள். 2016இல் சாம்சங் கலக்ஸி நோட் 7 தொலைபேசிகள் தீப்பிடித்தபோது, எத்தனை அறிவித்தல் கொடுத்தும் சிலர் கொடுக்கவில்லை. கடைசியில் மின்னேற்றமே ஏறாதபடி மென்பொருளை மாற்றி அனுப்பினார்கள். சொல் செய்யாததைத் தொலைபேசி தானே செய்துகொண்டது. அமெரிக்க மருந்து நிர்வாகம் மீளப்பெறல்களை முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று பிரிக்கிறது. முதலாம் வகுப்புத்தான் மிக ஆபத்தானது. எங்கள் ஊரில் 'முதலாம் தரம்' என்றால் நல்ல சாமான். அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டால் விளைவு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மொழிபெயர்ப்பு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதே பண்டத்தரிப்பில் 1820இல் வைத்தியர் ஜோன் ஸ்கடர் வைத்தியம் பார்த்தார். 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார். அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் இன்று சிங்களத்தில் எழுதி, பிந்தி, சொல்லுக்குச் சொல் தமிழாக்கிய அறிவித்தல் வந்து சேர்கிறது. தமிழ் அரசகரும மொழி என்பது 1987ஆம் ஆண்டிலிருந்து அரசியலமைப்பில் இருக்கிறது.

அப்படியானால் எப்படி எழுதலாம்? என்னைக் கேட்டால் இப்படி: "இந்தப் பால்மாவைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். பைக்கற்றின் பின்பக்கத்தில், கீழே, தொகுதி இலக்கத்தைப் பாருங்கள். கீழுள்ள இலக்கங்களில் ஒன்றாக இருந்தால் பைக்கற்றைக் கட்டிப் புறம்பாக வையுங்கள். வாங்கிய கடையில் கொடுத்துக் காசைப் பெறலாம், பற்றுச்சீட்டு தேவையில்லை. ஏற்கெனவே கொடுத்திருந்து, பிள்ளைக்கு வாந்தியோ சோர்வோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்." இதில் மன்னிப்பும் இல்லை, பெருமையும் இல்லை. காசு திரும்பக் கிடைக்கும் என்ற வரியை மட்டும் விடவே கூடாது. நாளாந்தக் கூலியில் வாழும் வீட்டில், ஆயிரம் ரூபாய்ப் பொருளை எறி என்று வெறுமனே சொன்னால் எறியமாட்டார்கள்.

சந்தேகம் இருந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். உணவுப் பொருள் என்றால் உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லலாம். கடைக்காரரிடம் வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராமல், பைக்கற்றையோ அதன் படத்தையோ வைத்திருங்கள்.

இங்கேதான் எந்த அறிவித்தலும் கணக்கில் எடுக்காத ஒரு விடயம் வருகிறது. எங்கள் வீடுகளில் பால்மாவைப் பைக்கற்றில் வைத்திருப்பதில்லை. எறும்புக்குப் பயந்து ரின்னிலோ போத்தலிலோ கொட்டி, பைக்கற்றை அன்றே எரித்துவிடுவோம். விலை ஏறிய பிறகு கடைகளில் ஐம்பது கிராம், நூறு கிராம் என்று நிறுத்துக் கட்டிக் கொடுப்பதும் நடக்கிறது. அந்தச் சரையில் பெயரும் இல்லை, தொகுதி இலக்கமும் இல்லை. அப்படி வாங்குபவர்களே கூடுதலாகக் கஷ்டப்பட்டவர்கள். அவர்களுக்கென்று அறிவித்தலில் ஒரு வரி வேண்டும்: "பைக்கற்று உங்களிடம் இல்லையென்றால், இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதிக்குள் சில்லறையாக வாங்கிய பால்மாவைப் பாவிக்க வேண்டாம். கடையில் எந்தப் பைக்கற்றிலிருந்து நிறுத்துத் தந்தார்கள் என்று கேளுங்கள்."