கடுதாசி ராஜ்யம்

2020-ல் தொற்றுநோய் வந்து ஆபீஸ்கள் பூட்டிக் கிடந்தபோது, உத்தியோகஸ்தர்கள் வீட்டிலிருந்தபடியே திரையில் முகம் பார்த்து வேலை நடத்தினார்கள். நேர்ப்பேச்சு உயர்த்தியா, தூரப்பேச்சு உயர்த்தியா என்று அன்று கிளம்பிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கிழக்கிந்தியக் கும்பினியின் ஞாபகம் வரும். ஒரு தேசத்தையே தபாலில் ஆண்ட வியாபாரிகள் அல்லவா!

லண்டனில் லெடன்ஹால் தெருவில் இருந்தது கும்பினியின் தலைமைக் காரியாலயம். தத்துவ ஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1823 முதல் 1858 வரை அங்கே உத்தியோகம் பார்த்தார். 1,500-க்கு மேற்பட்ட உத்தரவுக் கடிதங்களுக்கு நகல் எழுதியவர். இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. 1852-ல் பிரபுக்கள் சபைக் கமிட்டியில் சாட்சி சொன்னபோது, இந்திய ஆட்சி முழுவதும் எழுத்திலேயே நடப்பதை அதன் சிறப்பாக எடுத்துச் சொன்னார். எல்லாம் காகிதத்தில் இருக்கையில் தவறு எங்கே ஒளிய முடியும்? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

தாமஸ் மன்றோவும் அதே கும்பினியின் ஆள்தான். பாராமகாலிலும், 1800 முதல் 1807 வரை பல்லாரி, கடப்பைச் சீமையிலும் குதிரையும் கூடாரமுமாக ஊர் ஊராய்த் திரிந்தவர். குடியானவனை எதிரில் நிற்க வைத்துப் பேசினார். அதனால் அவர் போட்ட வரி இலேசாகிவிட்டது என்று எண்ண வேண்டாம், கனமான வரிதான். ஆனால் கனம் அவருக்குத் தெரிந்திருந்தது. கால் பங்கு குறைக்க வேண்டும் என்று 1807-ல் மேலிடத்துக்கு எழுதினார். எழுத்து பலிக்கவில்லை. 1820-ல் அவரே சென்னைக்குக் கவர்னராக வந்த பிறகுதான் அது நடந்தது. 1827-ல் சுற்றுப்பயணத்திலேயே, பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்தார்.

மில் சாட்சி சொல்லி இரண்டு வருஷம் ஆயிற்று. சென்னை ராஜதானியில் வரி வசூலுக்காகக் குடிகளை வதைக்கிறார்கள் என்று 1854-ல் பார்லிமெண்டில் பேச்சு எழுந்தது. கும்பினித் தரப்பார் அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர்களுடைய காகிதத்தில் அது இல்லை, அவ்வளவுதான். மில்லையும் இதில் இழுக்க வேண்டாம். அவர் கவனித்தது பெரும்பாலும் சமஸ்தான விவகாரம்.

சென்னையில் மூவர் கமிஷன் உட்கார்ந்து, 1855-ல் அறிக்கை தந்தது. விரல்களை நெரிக்கும் கிட்டி, தலையைக் காலோடு சேர்த்துக் கட்டும் அண்ணாந்தாள் ஆகிய நம் ஊர்ச் சொற்கள் அந்த ஆங்கில அறிக்கையில் அப்படியே ஏறியிருக்கின்றன. 1,900-க்கு மேற்பட்ட புகார்கள்! நேரில் வந்து நின்றவர்கள் ஐந்நூற்றுக்கு மேல், மற்றவை கடிதங்கள். ஆகவே ஏழைக்குக் கடிதம் உதவாது என்றும் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் முன்பே ஏன் எழுதவில்லை? எழுதினார்கள். கலெக்டருக்குப் போன மனு, 'தாசில்தாரிடம் சொல்லிக்கொள்' என்ற உத்தரவோடு திரும்பி வந்தது. புகாரே அந்தத் தாசில்தார் மேல்தான்.