ஹோ பிரா கேவ்

ஹோ பிரா கேவ் என்பது லாவோஸ் தலைநகர் வியஞ்சானில் உள்ள பழைய அரண்மனைக் கோயில். இப்போது பௌத்தச் சிற்பங்களுக்கான, சிறப்பாக வெண்கலப் புத்தர் படிமங்களுக்கான அருங்காட்சியகமாக இருக்கிறது. செத்தாதிராத் சாலையில் குடியரசுத் தலைவர் மாளிகையை ஒட்டி, சி சாகெத் விகாரைக்கு எதிரே அமைந்துள்ளது. 1565-இல் மரகத புத்தர் என்ற ஒரே ஒரு படிமத்தை வைப்பதற்காக இதைக் கட்டினார்கள். அந்தப் படிமம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கைமாறிப் போய், இப்போது பாங்காக்கில் இருக்கிறது. இங்கு வருகிறவர்களில் பலர் அந்த மரகத புத்தரைப் பற்றியே கேட்கிறார்கள். அவர் போனபின் வந்து சேர்ந்த வெண்கலங்கள்தான் இந்த இடத்தின் உண்மையான செல்வம்.

கோயிலின் கதை இன்றைய வட தாய்லாந்தில் தொடங்குகிறது. 1434-இல் சியாங் ராயில் ஒரு தூபி மேல் இடி விழுந்ததாகவும், அதிலிருந்து சுதை பூசிய புத்தர் ஒருவர் வெளிப்பட்டதாகவும், சுதை பெயர்ந்த இடத்தில் பச்சைக் கல் தெரிந்ததாகவும் ஏடுகள் சொல்கின்றன. பெயர்தான் மரகதம், கல் வேறு வகையைச் சேர்ந்தது. உயரம் சுமார் 66 செ.மீ. லாம்பாங்கில் சில பத்தாண்டுகள் இருந்த படிமம் 1468-இல் லான்னா அரசின் தலைநகரான சியாங் மாய்க்குப் போனது. 1546-இல் லான்னா அரியணைக்கு ஆண் வாரிசு இல்லாமல் போகவே, லாவோ அரசான லான் சாங்கின் மன்னன் போத்திசாராத்தின் மகனும் லான்னா அரசரின் மகள்வயிற்றுப் பேரனுமான செத்தாதிராத்தை அழைத்து முடிசூட்டினார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன். தந்தை இறந்த செய்தி கேட்டு லான் சாங்கின் தலைநகர் லுவாங் பிரபாங்குக்குத் திரும்பியபோது மரகத புத்தரையும் கூடவே எடுத்துவந்தான். சியாங் மாய்க்கு அவனும் திரும்பவில்லை, படிமமும் திரும்பவில்லை.

1558-இல் பர்மிய அரசன் பயின்னவுங் சியாங் மாயைப் பிடித்தான். பகை பக்கத்தில் வந்துவிட்ட நிலையில், செத்தாதிராத் 1560-இல் தலைநகரை மேகோங் ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள வியஞ்சானுக்கு மாற்றினான். நாட்டைக் காக்கும் படிமம் என்று கருதப்பட்ட மரகத புத்தரும் அரசனோடு புதிய ஊருக்கு வந்தார். அவருக்காக அரண்மனை வளாகத்தில் எழுந்த கூடம்தான் ஹோ பிரா கேவ். இது அரசன் வழிபடும் இடம். பிக்குகள் தங்கும் விகாரையாக இருந்ததில்லை. நாட்டின் பெருந்தூபியான தாத் லுவாங்கும் அதே அரசன் 1566-இல் தொடங்கிய பணி.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் படிமம் இங்கேயே இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் சூரிஞ்ஞா வோங்சாவின் நீண்ட ஆட்சி லான் சாங்கின் செழிப்பான காலம். அவனுக்குப் பின் அரசு வாரிசுச் சண்டையில் உடைந்தது. வியஞ்சான், லுவாங் பிரபாங், சம்பாசாக் எனத் தனித்தனி அரசுகளாகப் பிரிந்தது. பிரிந்த அரசுகளால் சயாமை (இன்றைய தாய்லாந்து) தடுக்க முடியவில்லை. சயாம் மன்னன் தாக்சினின் தளபதி சாவோ பிரயா சக்ரி வியஞ்சானைப் பிடித்து, 1779-இல் மரகத புத்தரையும் பிரா பாங் என்ற புத்தர் படிமத்தையும் சயாமின் அன்றைய தலைநகர் தோன்புரிக்குக் கொண்டுபோனான். பின்னாளில் முதலாம் ராமாவாக அரியணை ஏறிய அவனே 1784-இல் பாங்காக் அரண்மனைக் கோயிலில் மரகத புத்தரை அமர்த்தினான். பிரா பாங் பின்னர் லாவோசுக்குத் திரும்பிவிட்டது. மரகத புத்தர் திரும்பவில்லை. லாவோ மக்களின் நெஞ்சில் அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை.

சயாமுக்குக் கப்பம் கட்டி வியஞ்சானை ஆண்ட அனுவோங் மன்னன் 1816-இல் பாழான கூடத்தைப் புதுப்பித்தான். பத்தே ஆண்டுகளில் சயாமை எதிர்த்து எழுந்தான், தோற்றான். 1828-க்குள் சயாம் படை வியஞ்சானைத் தரைமட்டமாக்கியது. மக்களைக் கூட்டங்கூட்டமாக ஆற்றின் மறுகரைக்குக் குடிபெயர்த்தார்கள். ஒரு தலைநகரம் காடாயிற்று. 1867-இல் மேகோங் ஆற்றை ஆய்ந்தபடி வந்த பிரெஞ்சுக் குழுவின் ஓவியர் லூயி தெலாபோர்த், செடிகொடிகள் மூடிய இந்தக் கோயிலின் இடிபாட்டை வரைந்திருக்கிறார். உயரமான தூண்கள் கூரையின்றி நிற்கும் அந்தப் படம், அழிவு எவ்வளவு முழுமையானது என்பதற்குச் சான்று.

இன்று நாம் பார்க்கும் கட்டடம் 1936 முதல் 1942 வரை பிரெஞ்சு ஆட்சியில் மீண்டும் எழுந்தது. பணியை மேற்பார்த்தவர் பிரான்சில் படித்த பொறியாளரான இளவரசர் சுவன்னா பூமா; பின்னாளில் பலமுறை லாவோசின் பிரதமராக இருந்தவர். அடுக்கடுக்கான மேடை, சுற்றிலும் தூண்கள் தாங்கும் அகன்ற தாழ்வாரம், படிகளின் இருபுறமும் நெளியும் நாகக் கைப்பிடிகள், அடுக்குக் கூரை என்று தோற்றம் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் செத்தாதிராத் காலத்துக் கூடம் இப்படித்தான் இருந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பழையதில் மிஞ்சியவை மிகக் குறைவு. செதுக்கு வேலை நிறைந்த மரக் கதவுகளை அவற்றுள் முதலில் சொல்ல வேண்டும். 1970-களில் இந்தக் கட்டடம் அருங்காட்சியகமாயிற்று.

முக்கியமான வெண்கலங்கள் பல உள்ளே போகும் முன்பே, தாழ்வாரத்தில் வரிசையாக எதிர்ப்படுகின்றன. வலக்கை விரல்கள் தரையைத் தொட அமர்ந்திருக்கும் புத்தர்கள் பலர். மாரனை வென்ற கணத்தில் பூமியைச் சாட்சிக்கு அழைத்த கோலம் அது. பௌத்த நாடுகள் அனைத்துக்கும் பொது. லாவோசுக்கே உரியதாகத் தனித்து நிற்பது மழையழைக்கும் புத்தர். நின்ற கோலம், இரு கைகளும் உடலை ஒட்டி நேராகத் தொங்கும், நீண்ட விரல்கள் மண்ணை நோக்கியிருக்கும். துவராடையின் ஓரங்கள் முழங்காலுக்குக் கீழே இருபுறமும் சிறகு விரிப்பது போல வெளிப்பக்கம் வளையும். வானம் பார்த்த வயலில் பசைநெல் விளைவிக்கும் மக்கள், மழைக்காகவே மூங்கில் வாணங்களை விண்ணில் ஏவிப் பூன் பாங் ஃபாய் விழா கொண்டாடுகிறவர்கள். அவர்களுடைய வார்ப்புக்காரர்கள் இந்தக் கோலத்தைத் திரும்பத் திரும்ப வடித்ததில் வியப்பில்லை.

முகங்களிலும் லாவோ மரபு தெளிவாகத் தெரியும். கூர்ந்து வளைந்த மூக்கு, வில்லாக உயர்ந்த புருவம், தட்டையாக நீண்டு விரிந்த காது, முடிமேல் எழும் சுடர். சயாம், கெமர் கலைகளின் சாயலைத் தேடுவோர் அவற்றையும் இங்கே காணலாம். ஆனால் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு வார்ப்புகளில் உள்ள தன்னம்பிக்கை கடன் வாங்கியதல்ல. அண்டை நாட்டுக் கலையின் கிளை என்று லாவோ வெண்கலத்தைச் சிறுமைப்படுத்தும் பழக்கம் நீண்ட காலம் இருந்தது. இந்தத் தாழ்வாரத்தை ஒருமுறை சுற்றி வந்தவர் அதை ஏற்கமாட்டார்.

வார்ப்பு முறை மெழுகு இழப்பு முறைதான். களிமண் கருவின் மேல் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி மூடி, சூட்டில் மெழுகை வடியவிட்டு, செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். படிமம் உள்ளே வெற்றிடமாக அமையும். பெரிய உருவங்களைப் பகுதி பகுதியாக வார்த்து இணைப்பதுண்டு. முடிந்தபின் அரக்கு பூசித் தங்க ரேக்கு ஒட்டுவார்கள். பல படிமங்களில் ரேக்கு உதிர்ந்துவிட்டதால், வெண்கலத்தின் கருமையும் பச்சைக் களிம்புமே கண்ணுக்குத் தெரிகின்றன.

பீடங்களையும் குனிந்து பார்க்க வேண்டும். லாவோ படிமங்கள் பலவற்றின் பீடத்தில் ‘தாம்’ எனப்படும் லாவோ சமய எழுத்தில் கல்வெட்டு வாசகம் போலச் சில வரிகள் பொறித்திருக்கும்: கி.பி. 638-இல் தொடங்கும் சூள சகாப்தத்தில் ஆண்டு, கொடையாளர் பெயர், அவருடைய வேண்டுதல். படிமம் புத்த சாசனத்தின் ஐயாயிரம் ஆண்டுகளும் நிலைக்க வேண்டும், தாம் நிர்வாணம் அடைய வேண்டும் என்பவை அடிக்கடி வரும் வேண்டுதல்கள். அரசர்கள் செய்தவையும் உண்டு, பிக்குகளும் குடும்பத்தவரும் செய்தவையும் உண்டு. ஏடுகள் எரிந்துபோன ஒரு நகரத்துக்கு இந்த வரிகள் முதல்நிலை வரலாற்று ஆவணங்கள். எழுத்தில்லாத படிமங்களின் காலத்தை அவற்றின் பாணியைக் கொண்டே கணிக்க வேண்டியிருக்கிறது.

உள்ளே சிறு வெண்கலங்கள், மரகத புத்தருக்குரியதைப் போன்ற பொன்முலாம் பூசிய அரியணை, தவளைகள் அமர்ந்த வெண்கல முரசுகள் ஆகியவை உள்ளன. இவற்றோடு கெமர் மன்னன் ஏழாம் ஜெயவர்மனின் மருத்துவமனைச் சாசனமும் இருக்கிறது. நகருக்குத் தென்கிழக்கே சாய் ஃபோங்கில் கிடைத்த, 1186-ஐச் சேர்ந்த சமஸ்கிருதக் கல்வெட்டு அது. அதன் கெமர் எழுத்து பல்லவ எழுத்தின் வழிவந்தது. தமிழ்நாட்டிலிருந்து போகிற வாசகர் அந்தக் கல்லின் முன் சற்றுக் கூடுதல் நேரம் நிற்பார். தோட்டத்தில் சியாங் குவாங் சமவெளியின் பெருங்கற்சாடி ஒன்றை வைத்திருக்கிறார்கள். கூடத்துக்குள் போகக் காலணியைக் கழற்ற வேண்டும். உள்ளே படமெடுக்க அனுமதியில்லை.

எதிர்ப்புறச் சி சாகெத் விகாரை அனுவோங் 1818-இல் கட்டியது. 1828-இன் அழிவில் தப்பியது. அதன் சுற்றுத் தாழ்வாரத்து மாடங்களில் ஆயிரக்கணக்கான புத்தர்கள் இருக்கிறார்கள். போரில் தலையும் கையும் இழந்த படிமங்களை அங்கே ஒரு மூலையில் தனியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஹோ பிரா கேவ் வெண்கலங்கள் எதிலிருந்து பிழைத்து வந்தவை என்று அறிய விரும்புவோர் சாலையைக் கடந்து அதையும் பார்க்க வேண்டும்.