சும்மா வந்த பணம்

'சும்மா காசு கொடுத்தா ஜனங்க சோம்பேறி ஆயிடுவாங்க சார்!'

அரசாங்கம் குடும்பங்களுக்குப் பணம் தருகிறது என்றாலே கிளம்பும் குரல் இது. சரி, அந்தப் பணம் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் மனசை என்ன செய்கிறது? இதற்கு ஒரு சூதாட்ட விடுதி பதில் சொல்லியிருக்கிறது!

1838. அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழ்ந்த செரோக்கி பழங்குடிகளை ராணுவத்தை ஏவி மேற்கே விரட்டியது அரசு. ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்து விழுந்தார்கள். அந்த நடைக்கு 'கண்ணீர்ப் பாதை' என்றே பெயர். அதில் சிக்காமல் வட கரோலினா மலைகளில் தங்கிவிட்ட கொஞ்சம் பேரின் வாரிசுகள்தான் கிழக்கு செரோக்கிகள். மண் மிஞ்சியது. கூடவே வறுமையும்.

1993-ல் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் காஸ்டெல்லோ அந்த வட்டாரத்துக்கு வந்தார். 9, 11, 13 வயதுகளில் 1,420 பிள்ளைகள். அவர்களில் கால்வாசிப் பேர் செரோக்கிகள். கோபம், முரட்டுத்தனம், பயம், சோர்வு என்று அவர்களின் மனநிலையை வருஷாவருஷம் குறித்துக்கொண்டே வந்தது அவருடைய குழு.

நடுவில் யாரும் எதிர்பார்க்காத திருப்பம். 1997-ல் செரோக்கி மண்ணில் சூதாட்ட விடுதி திறந்தது. லாபத்தில் பாதியைத் தன் மக்களுக்கே பிரித்துக் கொடுத்தது பழங்குடி அரசு. 2001-ல் ஆளுக்கு வருஷம் சுமார் 6,000 டாலர். வேலைக்குப் போனாலும் உண்டு, போகாவிட்டாலும் உண்டு. பிள்ளைகளின் பங்கு மட்டும் வங்கியில் பத்திரமாக இருக்கும். பெரியவர்களானதும் கைக்கு வரும். பக்கத்து ஊர் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு இந்தப் பணம் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையுமா?

2003-ல் முடிவு வெளியானது. வறுமையிலிருந்து மேலே வந்த குடும்பங்களில் பிள்ளைகளின் முரட்டுத்தனமும் அடாவடியும் சுமார் 40 சதவிகிதம் குறைந்திருந்தன. எப்போதுமே ஏழையாக இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். ஆனால், பயமும் மனச்சோர்வும் அவ்வளவாகக் குறையவில்லை. பணம் எல்லாவற்றையும் ஆற்றிவிடாது என்பதையும் சேர்த்தே சொன்னது ஆய்வு.

டாலர் எப்படிப் பிள்ளையின் கோபத்தைத் தணிக்கும்? காஸ்டெல்லோ குழு துருவிப் பார்த்ததில் கிடைத்த காரணம் ரொம்ப எளிமையானது. அப்பா அம்மாவின் நெருக்கடி குறைந்தது. 'எங்கே போறே, யாரோட போறே' என்று பிள்ளையைக் கவனிக்க அவர்களுக்கு நேரம் கிடைத்தது. அவ்வளவுதான்!

சரி, ஜனங்க சோம்பேறி ஆனார்களா? 2010-ல் பொருளாதார நிபுணர்கள் அந்தக் கணக்கையும் பார்த்தார்கள். பெற்றோர் வேலைக்குப் போவது குறையவே இல்லை.

அதே 2010-ல் காஸ்டெல்லோ இன்னொன்றையும் சொன்னார். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு பார்த்தபோது, மனநலச் சிக்கல்கள் குறைவாக இருந்தது கடைக்குட்டிகளிடம்தான். விடுதி திறந்தபோது அவர்களுக்கு வயது 12-ஐ ஒட்டி இருந்தது. வீட்டில் இருந்து வளர இன்னும் சில வருஷங்கள் பாக்கி இருந்தன. 16 வயதை ஒட்டி இருந்த அண்ணன், அக்காக்களுக்கும் வீடு தேடி வந்தது அதே பணம்தான். ஆனால், நாலு வருஷம் லேட்!